கிளிப் என்று சொல்லாதே

மனித குலத்தில் நெறிமுறைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. கண்டுபிடிப்பது சுலபம். நாலு பேர் கூடிச் சந்தோஷமாக ஒரு காரியத்தைத் தொடங்கியிருப்பார்கள். ஐந்தாவதாக வந்தவர், அந்தக் காரியத்தை எப்படிச் செய்யவேண்டும் என்று எழுத உட்காருவார். எழுதி முடிக்கும்போது அந்த நாலு பேர் இருக்கமாட்டார்கள். காரியமும் இருக்காது. அவர் எழுதியது மட்டும் இருக்கும், பாதி தடித்த எழுத்தில்.

அமெரிக்காவில் டுலூத் நகரத்து வெர்லின் ஸ்ட்ரோம்குவிஸ்ட் இந்த இனத்தில் கலப்படமில்லாத ரகம். மாவட்ட வரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரார் மனுவையெல்லாம் ஓரம் சரியில்லை, தேதி சரியில்லை என்று திருப்பியனுப்பிப் பழகிய கை, ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்குமா? இணையத்தில் ஒரு களஞ்சியத்தைப் பிடித்துக்கொண்டது. எந்தப் படத்தில், எந்தக் காட்சியில், யார் கையில், என்ன துப்பாக்கி என்று ஆர்வலர்கள் கூடி எழுதிச் சேர்க்கும் களஞ்சியம். இதெல்லாம் ஒரு வேலையா என்று சிரிக்காதீர்கள். எந்தப் பாட்டில் நாயகி எத்தனை புடவை மாற்றினாள் என்று நட்பை முறித்துக்கொண்டவர்களை நமக்கும் தெரியும்.

வெர்லின் தம் வாழ்நாளில் ஒரு துப்பாக்கியைச் சுட்டதில்லை. நவம்பர் வந்தால் ஊரில் பாதிப் பேர் மான் வேட்டைக்குப் போகிற தேசத்தில், அவரும் ஒரே ஒரு முறை போனார். முதல் வெடிச்சத்தம் கேட்டதும் டிரக்குக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்துகொண்டார். ஆனால் திரையில் ஒரு துப்பாக்கி அரை நொடி தெரிந்தால் போதும், அது எந்த வருஷத்துத் தயாரிப்பு, கைப்பிடியில் எத்தனை திருகாணி என்று சொல்லிவிடுவார்.

களஞ்சியம் தொடங்கிய காலத்தில் அதன் நெறிமுறை ஐந்தே வரி. படம் தெளிவாக இருக்கட்டும். தெரியாததைத் தெரியாது என்று எழுது. புதிதாக வந்தவரிடம் அன்பாக இரு. இப்படி. வெர்லின் வந்து, அதன் நிர்வாகியாகி, அதற்கு எரு போட்டு வளர்த்தார். பொம்மைத் துப்பாக்கி சேருமா, சேரும் என்றால் தண்ணீர் பீய்ச்சுவது சேருமா, கார்ட்டூன் பூனை கையில் இருப்பது துப்பாக்கியா அல்லது துப்பாக்கியின் சித்திரமா, நிழல் மட்டும் தெரிந்தால் ஆயுதம் தெரிந்ததாகக் கொள்ளலாமா என்று குளிர்காலம் குளிர்காலமாக விவாதம் நடத்தி, ஒவ்வொன்றுக்கும் விதி, விதிக்கு விலக்கு, விலக்குக்கு அடிக்குறிப்பு எழுதினார். இடம் போதவில்லை. அன்பைப் பற்றிய வரியைப் பின்னிணைப்புக்குத் தள்ளினார், 'புதியவர்' என்பதற்கு விளக்கத்தோடு.

யாராவது புதிதாக வந்து ஆசையாக நாலு வரி எழுதினால் வெர்லின் வரவேற்பார். எப்படி? "தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. நெறிமுறையை வாசித்தீர்களா?" அவ்வளவுதான். வந்தவர் எழுதிய நாலு வரியும் அதற்குள் அழிந்திருக்கும்.

எல்லா விதிக்கும் தாய் விதி ஒன்று உண்டு. துப்பாக்கிக்குள் செருகும் தோட்டாப் பெட்டிக்கு மேகசின் என்று பெயர். கிளிப் என்பது வேறு, தோட்டாக்களைச் சேர்த்துக் கவ்விப் பிடிக்கும் தகடு. ஜனங்களோ இரண்டையும் கிளிப் என்றே சொல்லித் தொலைக்கிறார்கள். இதுதான் வெர்லினின் ஜன்மப் பகை. கிறிஸ்துமஸ் விருந்தில் அவர் மைத்துனன், தன் மகனைப் பெட்ரோல் பங்கில் ஒருவன் மடக்கிய கதையைக் குரல் நடுங்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நெத்தியில துப்பாக்கிய வச்சுட்டான். கிளிப் நிறையத் தோட்டாவாம். புள்ள அப்படியே கண்ண மூடிட்டு..."

"மேகசின்," என்றார் வெர்லின்.

அவர் மனைவி மார்லிஸ் பன்றி இறைச்சித் தட்டை எடுத்து அண்ணனிடம் நீட்டினாள். வெர்லின் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

இப்படிப்பட்டவருக்கும் உலகத்தில் ஒரு நண்பர் இருந்தார். ஒருவர்தான், வேறு ஆள் கிடையாது. ஆரின் ஹால்வர்சன், தச்சுவேலைக்காரர். ஏரி உறைந்ததும் அதன்மேல் ஆரின் தம் மரக்குடிசையை இழுத்துக்கொண்டுபோய் நிறுத்துவார். இருவரும் பனிக்கட்டியில் துளை போட்டு, தூண்டிலை இறக்கிவிட்டு, சனிக்கிழமை முழுக்கப் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். இளவயசிலிருந்து இதுதான் வழக்கம். வெர்லினோடு பேசாமல் இருக்கத் தெரிந்தவர் ஆரின் மட்டுமே. அதனால்தான் அந்த நட்பு நீடித்தது.

அந்த ஆரினைக் களஞ்சியத்துக்கு எழுது, எழுது என்று நச்சரித்தவரே வெர்லின்தான். கடைசியில் ஆரின் இணங்கினார். அவருடைய அப்பா பழைய யுத்தத்தில் சண்டை போட்டவர். ஒரு போர்ப்படத்தை டெலிவிஷனில் போடும்போதெல்லாம் குறிப்பிட்ட ஒரு காட்சியில் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாராம். அந்தக் காட்சியில் சிப்பாய் வைத்திருப்பது, அப்பா சுமந்த அதே ராணுவ ரைஃபிள். ஆரின் ஒற்றை விரலால் தட்டித் தட்டி அந்தப் பக்கத்தை எழுதினார். 'சிப்பாய் நடுங்கும் கையோடு கிளிப்பைச் செருகுகிறான்' என்று முடித்திருந்தார்.

காலையில் வெர்லின் காப்பியோடு உட்கார்ந்தார். கிளிப் என்ற சொல் கண்ணில் பட்டது. படத்தைப் பார்த்தாரா? இல்லை. துப்பாக்கியின் பெயரைப் பார்த்தாரா? அதுவும் இல்லை. சொல்லை அடித்து 'மேகசின்' என்று மாற்றினார், எழுதியவரை ஒரு வாரத்துக்கு எதுவும் எழுதமுடியாதபடி பூட்டினார், எல்லாரும் பார்க்கும் இடத்தில் வழக்கமான எச்சரிக்கையை ஒட்டினார்: 'துப்பாக்கியை ஒருநாளும் கையில் தொட்டறியாதவர்கள் செய்யும் பிழை இது.' அதற்குப் பிறகுதான் எழுதியவர் பெயரைப் பார்த்தார். ஒரு கணம் திக்கென்றது. அடுத்த கணமே, நண்பன் என்றுகூடப் பாராமல் தண்டித்திருக்கிறோமே என்று நெஞ்சு நிமிர்ந்தது.

மத்தியானத்துக்குள் கனடாவின் மானிட்டோபாவிலிருந்து ஒருவர், டெக்சாஸிலிருந்து ஒருவர் என்று வரிசையாக வந்து எழுதினார்கள். ஐயா, உலகத்தில் எத்தனையோ துப்பாக்கி மேகசினைச் செருகுவது. ஆனால் இந்த ஒரு ரைஃபிளில் செருகுவது கிளிப்பைத்தான். வெர்லினுக்கு இது தெரியாதா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஊரார் தவறாகச் சொல்லும் சொல்லைத் துரத்தித் துரத்தி, ஒருவன் அதைச் சரியாகச் சொன்னபோதும் கடித்துவிட்டார்.

சனிக்கிழமை குடிசைக்குப் போனார். ஆரின் தூண்டிலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்னைப் பூட்டிட்டியாமேடா."

"ஒரு வாரந்தான். நெறிமுறை அப்படி."

"அதுக்குக் கிளிப்தான்டா. எங்கப்பா கொண்டாந்தது ரெண்டு இன்னும் வீட்ல கெடக்கு. உனக்கே காட்டியிருக்கேன்."

"தெரியும். நீ எழுதினது சரிதான்."

"அப்ப அதை அங்க எழுது. தப்பு என்னுதுன்னு ஒரு வரி. தொட்டறியாதவன்னு போட்டிருக்கியே, அது எங்கப்பா பக்கத்துக்கு அடியில தொங்குது. என் தங்கச்சி பாத்துட்டு அழுதா."

"அது எல்லாருக்கும் போடுற வாசகம் ஆரின். ஆளப் பாத்துப் போடறதில்ல."

"ஆளப் பாத்திருக்கலாம்டா."

வெர்லின் யோசித்தார். இந்த இடத்தில் மனிதன் என்ன சொல்வான் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். நெறிமுறைக்காரர் சொன்னது இது: "நீ எழுதினது சரி. ஆனா நான் பூட்டினப்ப இருந்த நெறிமுறைப்படி, பூட்டினதும் சரி."

ஆரின் தூண்டில் கயிற்றை மெதுவாகச் சுற்றி எடுத்தார். எழுந்தார். வெர்லினை எழுந்திருக்கச் சொல்லி, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை மடக்கி அவர் கையில் கொடுத்தார்.

"இது உன்னுது. எடுத்துட்டுப் போ."

"செவ்வாய்க்கெழம பூட்டு தானாத் திறந்துக்கும்," என்றார் வெர்லின், வாசலில் நின்று.

"திறக்கட்டும்," என்று ஆரின் கதவைச் சாத்திக்கொண்டார்.

வீட்டில் மார்லிஸ் நாற்காலியைப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

"ஒரு வரி, வெர்லின். அந்தக் கம்ப்யூட்டர்ல உக்காந்து எவ்வளவு எழுதியிருக்க. அதுல எங்கயாச்சும் மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்தை இருக்கா, தேடிப் பாரு. அவன் போயிட்டா உன்கூட யார் உக்காருவா? நான் மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

அது உறைத்தது. உறைக்காமல் இல்லை. வெர்லின் முதலில் எச்சரிக்கையை நீக்கி, பக்கத்தில் 'கிளிப்' என்ற சொல்லைத் திரும்பப் போட்டார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக்கூடாதல்லவா, 'காலத்துக்கேற்ற திருத்தம்' என்று காரணம் எழுதினார். பிறகு களஞ்சியத்தில் ஆரினுக்குச் செய்தி எழுதும் இடமான பேச்சுப் பக்கத்தைத் திறந்தார். 'ஆரின், தப்பு என்னுடையது. உன் அப்பா பக்கத்தில் அப்படி எழுதியிருக்கக்கூடாது. சனிக்கிழமை வரட்டுமா?' என்று எழுதினார். அவர் வாழ்க்கையில் எழுதியதில் நல்லது அது ஒன்றுதான். பொத்தானை அழுத்தினார். அது அங்கே போய் உட்கார்ந்தது. வெர்லினுக்குக் கண்கூடக் கொஞ்சம் கலங்கியது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை வாசித்தார். அப்போதுதான் ஞாபகம் வந்தது: பேச்சுப் பக்கங்கள் ஆயுதங்களைப் பற்றிய உரையாடலுக்கு மட்டுமே, சொந்த விஷயங்கள் எழுதப்பட்டால் உடனே நீக்கப்படும். யார் எழுதிய விதி? அவரே எழுதியது. தமக்கென்று ஒரு சலுகையா? வெர்லின் அப்படிப்பட்டவரா? ஆரின் பார்ப்பதற்குள் அந்த மூன்று வாக்கியத்தையும் நீக்கினார். நீக்கிவிட்டு, தம்முடைய பக்கத்துக்கே போய், 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. நெறிமுறையை வாசித்தீர்களா?' என்று ஒட்டினார். அந்த நேர்மையை மெச்சிக்கொண்டே படுக்கப் போனார்.

போனில் சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? அதற்கு நெறிமுறை இல்லையே. அந்தக் குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைகளில் வெர்லின் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆரின் தம் குடிசைக்குத் தங்கையின் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போனதாகக் கேள்வி. பாவமாக இருக்கிறது என்று சொல்லவேண்டிய இடம். எனக்குப் பாவமாக இல்லை.

நீங்கள் சிரித்திருப்பீர்கள். அமெரிக்காக்காரன், துப்பாக்கிப் பைத்தியம், நமக்கென்ன என்று நினைத்திருப்பீர்கள். சரி, ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். போன மாதம் உங்கள் சிநேகிதர் வாட்ஸப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார் அல்லவா, 'என் அம்மா இன்று காலை இயற்கை எய்திணார்' என்று? அதில் உங்கள் கண்ணில் முதலில் பட்டது எது? அம்மாவா, மூன்று சுழி 'ண'வா?