பல்செட்காரரின் மனைவி எங்கே?

"காய்ச்சல்," என்றார் பல்செட்காரர். "நேத்துலேருந்து எழுந்திருக்கவே இல்லை."

சொல்லி முடித்த பிறகுதான், தான் ஒரு பொய்யைச் சொல்லியிருக்கிறோம் என்பது அவருக்கே உறைத்தது. அதுவும் கதவைத் திறந்த கையோடு, யோசிக்காமல்.

வாசலில் நின்றவர் நூலக வாசகர் வட்டத்தின் செயலாளர். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். "புத்தகத்தை இன்னைக்குத் திருப்பித் தரணுமே, உங்க மனைவி எங்கே?" என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். "கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா" என்று இவரும் சாதாரணமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் "என்ன கோபம்?" என்று அடுத்த கேள்வி வருமே. சிக்கலே அங்கேதான்.

பல் ஆஸ்பத்திரிகளுக்குப் பல்செட் செய்து கொடுப்பது அவர் தொழில். பின்னறைதான் பட்டறை. கடைவாய்ப் பல் சரியாக உட்கார்ந்துவிட்டால் முன்பற்களைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்பது அவர் கட்சி. புதன்கிழமை மத்தியானம் அச்சில் ஊற்றிய பிளாஸ்டர் மாவு இறுகுவதற்காகக் காத்திருந்த நேரத்தில், மனைவி படித்துக்கொண்டிருந்த நாவலை எடுத்தார். தொழில் புத்தி, கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்து, "அந்தப் பொண்ணைக் கடத்தினது பக்கத்து வீட்டு டாக்டராமே?" என்றார், ஏதோ வானிலை சொல்வதுபோல.

மனைவி அப்போது இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தாள்.

அவள் கத்தவில்லை, அழவில்லை. தட்டை எடுத்து வைத்தாள். பத்து நிமிஷத்தில் பையோடு வந்து, "அக்கா வீட்டுக்குப் போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இதை வெளியே சொல்ல முடியாததற்குக் காரணம் அந்த வட்டம். பதினொரு பெண்கள். பெண் காணாமல் போகாத நாவலைக் கையாலும் தொடமாட்டார்கள். ஐம்பதாவது பக்கத்துக்குள் புருஷன்மேல் சந்தேகம் வரவில்லை என்றால் எழுதியவருக்கு எழுதவே தெரியாது என்பது அவர்களுடைய ஒருமித்த கருத்து. ஒரே ஒரு விதி. யாராவது ஒரு புத்தகத்தின் முடிவை வெளியிட்டுவிட்டால் உறுப்பினர் அட்டை ரத்து. வெளியிட்டது வீட்டு மனிதராக இருந்தாலும் உறுப்பினருக்குத்தான் தண்டனை. போன வருஷம் ஒரு மாமியார் வாய் தவறியதில் மருமகளின் அட்டை போனது. அந்த மருமகள் இன்றைக்கும் நூலகத்தைச் சுற்றிக்கொண்டு வேறு தெரு வழியாகத்தான் போகிறாள்.

மனைவிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்தான் உயிர். ஏற்கெனவே முடிவைக் கெடுத்தாயிற்று. அட்டையையும் கெடுத்தால் அவள் திரும்பி வரவே மாட்டாள் என்று பல்செட்காரர் மனதார நம்பினார்.

"காய்ச்சலா," என்றார் டீச்சர். "மூணாவது அத்தியாயத்துல அந்தப் புருஷனும் இதையேதான் சொல்றான்." பிறகு கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, அதில் ஏதோ குறித்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை வட்டத்தின் இன்னொரு உறுப்பினரான போலீஸ் அக்கா வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆகியும் கதவைத் தட்டுகிற விதம் மாறவில்லை. ஒரு கையில் ஆப்பிள் பை, மறுகையில் தெர்மாமீட்டர்.

"எந்த ரூம்ல படுத்திருக்காங்க?"

"இல்லக்கா, காய்ச்சல் விட்டுடுச்சு. இப்ப... அவ அக்கா வீட்டுக்குப் போயிருக்கா. ஓய்வுக்கு."

"எழுந்திருக்கவே முடியாதவங்க ஒரே ராத்திரியில ஊருக்குப் போயிட்டாங்களா?"

"மாத்திரை நல்ல மாத்திரை."

போலீஸ் அக்கா அவரையே பார்த்தபடி ஆப்பிள் பையைக் கீழே வைத்து, தன் போனை எடுத்து ஒரு எண்ணை அழுத்தினார். படுக்கையறை அலமாரிக்குள்ளிருந்து மனைவியின் போன் மணியடித்தது. இரண்டு நாளாகப் பல்செட்காரர் அந்த எண்ணைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்திருந்தார். எல்லாம் பட்டறையில் அரைக்கும் இயந்திரத்தின் சத்தத்துக்கு நடுவே. போன் வீட்டிலேயே இருக்கிறது என்பது அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

"போனை விட்டுட்டா போயிருக்காங்க?" என்றார் போலீஸ் அக்கா.

"அது பழைய போன்க்கா. புதுசு வாங்கிட்டா."

"புது நம்பர் சொல்லுங்க."

"நம்பர் இன்னும் வரலை."

போலீஸ் அக்கா, காலை வெளிச்சம் நன்றாக விழுந்த பின்னறைப் பக்கம் நடந்தார். மேஜைமேல் வரிசையாக நாற்பது ஐம்பது பற்கள். தரையெல்லாம் வெள்ளை மாவு. மூலையில் பாதி காலியான பெரிய மூட்டை. நேற்று ஊற்றி இன்னும் ஈரம் காயாத ஒரு கட்டி.

"இது என் தொழில்க்கா," என்றார் பல்செட்காரர்.

"தெரியும். அந்த நாவல்ல வர்ற புருஷனுக்கும் ஒரு தொழில் இருந்தது." அவர் ஒரு பல்லை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். "ஒத்தை ஆளுக்கு இவ்வளவு பெரிய மூட்டை மாவு எதுக்கு?"

"நூறு செட்டுக்கு ஆகும்."

"இதுக்கு மட்டும் உடனே பதில் வருது," என்று சொல்லிப் பல்லைக் கீழே வைத்தார். "ஞாயித்துக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். உங்க மனைவியோட வாங்க. இல்லேன்னா தனியா வந்து பதில் சொல்லுங்க. அதுவும் இல்லேன்னா என் பழைய ஸ்டேஷன் பக்கத்துலதான் இருக்கு."

ஆப்பிள் பையை அவர் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இனிமேல் பொறுப்பதற்கில்லை. காலிலேயே விழுந்தாவது கூட்டிவந்துவிடுவது என்று மனைவியின் அக்காவைக் கூப்பிட்டார்.

"அண்ணி, அவகிட்ட ஒரு நிமிஷம் குடுங்களேன்."

"எவகிட்ட?" என்றாள் மறுமுனையில் இருந்தவள். "இங்க யாரும் வரலையே."

பல்செட்காரர் அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். இதுவரை இருந்ததெல்லாம் பயமே இல்லை, வெறும் கூச்சம். இப்போதுதான் பயம் வந்தது. அவள் தோழிகள் நான்கு பேரைக் கேட்டார். பஸ் நிலையத்தில் போய் விசாரித்தார். என்ன நிறப் புடவை என்று கேட்டார்கள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பதினெட்டு வருஷமாக எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவளின் கீழ்வரிசையில் இரண்டாவது பல் லேசாகத் திரும்பியிருக்கும் என்பது மட்டும்தான் உறுதியாகத் தெரிந்தது. அதைச் சொன்னதும் பஸ் நிலையத்து ஆள் இரண்டு அடி பின்னால் நகர்ந்தார்.

சனிக்கிழமை முழுக்க ஒரு பல்செட்கூட உருப்படியாக வரவில்லை. மேல்வரிசையைக் கீழ்வரிசையாக மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நூலகத்தின் கூட்ட அறையில் பத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலி போட்டிருந்தது. பல்செட்காரர் அதில் உட்காரவில்லை.

"உங்க மனைவி எங்கே?" என்றார் டீச்சர், நோட்டைத் திறந்தபடி.

"தெரியாது."

"காய்ச்சல் இல்லை. புது போன் இல்லை. அக்கா வீட்டுக்கும் போகலை. நான் சொன்னது அத்தனையும் பொய். ஒண்ணே ஒண்ணுதான் நிஜம். கடைசிப் பக்கத்தை எடுத்துப் படிச்சுட்டு, கடத்தினது அந்த டாக்டர்தான்னு அவகிட்ட நான் சொல்லிட்டேன்."

மூன்று பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பொத்துவதற்குள் கேட்டுவிட்டது. ஒருத்தி கையிலிருந்த நாவலை மெல்ல மூடி மடியில் வைத்தாள். அதே குற்றத்தை இரண்டாவது தடவையாக, பத்து சாட்சிகள் முன்னால் செய்துவிட்டோம் என்று பல்செட்காரருக்குப் புரிந்தது. இனி எது போனால் என்ன.

"அட்டையை ரத்து பண்ணுங்க. வேணும்னா என்னையும் சேர்த்து ரத்து பண்ணுங்க. ஆனா அவளைக் கண்டுபிடிச்சுக் குடுங்க. போலீஸ் அக்கா, உங்களுக்குத் தெரியும், எங்க தேடணும்னு உங்களுக்குத்தான் தெரியும். மூணு நாளா எனக்குச் சோறு இறங்கலை."

திட்டு விழும் என்று காத்திருந்தார். யாரும் திட்டவில்லை. எல்லாரும் டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் நோட்டில் கடைசியாக ஒரு கோடு போட்டு, அதை மூடினார். போலீஸ் அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இவ்வளவு நல்லாச் சொல்றவர்," என்றார் டீச்சர் மெதுவாக, "வியாழக்கிழமையே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அட்டை போயிடும். அட்டை போனா அவ மனசு உடைஞ்சிடும். அவளுக்காகத்தான் பொய் சொன்னேன் டீச்சர்."

பத்திரிகை அறைக் கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

புத்தகங்களுக்கு முத்திரை குத்தும் அம்மாள் அந்தக் கதவு வழியாகத்தான் வெளியே வந்தாள். கையில் காலி டீ டம்ளர். பல்செட்காரரைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது போல.

"உள்ளதான் இருக்காங்க, போய்ப் பாருங்க சார். எல்லாம் ஒரு பந்தயத்துக்காகத்தான். 'காணாமப் போன பொண்ணோட புருஷன் முதல் கேள்விக்கே பொய் சொல்றது நம்பற மாதிரி இல்லை, என் வீட்டுக்காரரை வேணும்னா கேட்டுப் பாருங்க, உண்மையைத்தான் சொல்வார்'னு போன வாரம் பதினொரு பேர்ல அவங்க ஒருத்தங்கதான் கை தூக்கினாங்க."