உறவினர் எண் ஒன்றுக்கு

அன்பு மகளுக்கு (துறைப் பதிவேட்டின்படி உறவினர் எண் ஒன்று),

மதுபான உரிமத் துறைக் கண்காணிப்பாளரும் உன்னைப் பெற்றவனுமாகிய நான் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் நலத்தைக் கேட்க எனக்கு அனுமதி இல்லாததால், நலமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன்.

நீ பீர் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் சேர்ந்த அன்றே 'உறவினர் விவரப் படிவம்' வாங்கி நிரப்பினேன். "அத்தகைய உறவினருடன் அதிகாரி எவ்விதத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது" என்று அடியில் அச்சடித்திருந்தது. நான் பார்ப்பது ஓட்டல்களின் உரிமம்தான் என்றாலும் விதி விதிதானே. அதனால்தான் உன்னைத் தனி வீடு பார்க்கச் சொன்னேன். ஏழு மாதம் ஆகிறது. நீ போன் செய்தால் அம்மா ஸ்பீக்கரில் போடுவாள், நான் பக்கத்து அறைக்குப் போய்விடுவேன், கதவை மட்டும் சாத்த மாட்டேன், அன்று நீ இருமியதைக் கேட்டு "கஷாயம் வச்சுக் குடிக்கச் சொல்லு"ன்னு என்னையறியாமல் கத்திவிட்டு, மறுநாள் அதையும் தொடர்புப் பதிவேட்டில் எழுதினேன். என் பிறந்த நாளுக்கு நீ அனுப்பிய ஷூவைப் பரிசுப் பொருள் என்று ஒப்படைத்தேன், அது அலுவலக இரும்பு அலமாரியில் சீட்டுக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, நான் பழைய கோப்பு தேடுகிற சாக்கில் தினம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். போன மாதம் உன் கம்பெனி ஆட்களோடு நீயும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாய். நான் பதிவறையில் ஒளிந்து, கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். இளைத்துவிட்டாய்.

"அப்பா மூஞ்சியப் பாக்க முடியாதுன்னா எந்த ஊர்ல இருந்தா என்ன, தூரத்துக் கிளைக்கு மாத்தல் எழுதிக் குடுத்துடுறேன்"னு அம்மாவிடம் சொன்னாயாம். சரியான முடிவு. போய் வா. இந்தக் கடிதத்தையும் என் அலுவலக மேலதிகாரி அம்மையாரிடம் காட்டி ஒப்புதல் வாங்கியே தபாலில் சேர்ப்பேன்.

எந்த ஊரில் இருந்தாலும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இரு.

விதிகளுக்கு உட்பட்ட பாசத்துடன்,
அப்பா

பி.கு.: மேலதிகாரி அம்மையார் இதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன சார், ஏழு மாசமா பொண்ணப் பாக்கலையா? படிவத்தப் பின்பக்கம் திருப்பவே இல்லையா?" திருப்பினேன். "இவ்விதி அந்த உறவினரின் நிறுவனக் கோப்பைக் கையாளும் அதிகாரிக்கு மட்டும். மற்றவர்கள் தகவல் தெரிவித்தால் போதும்" என்று இருக்கிறது.

மேலே எழுதியது எல்லாம் ரத்து. மாற்றல் விண்ணப்பத்தைக் கொடுக்காதே, கொடுத்திருந்தால் ஓடிப் போய்த் திரும்ப வாங்கு. ஷூவை மாட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கடிக்கிறது, கழற்ற மனமில்லை. உன்னைப் பார்க்காமல் என்னால் முடியவில்லை, கண்ணு. எந்தத் தாளையும் முழுசாகப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று சின்ன வயதில் உன் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்தக் குட்டைத் திருப்பிக் கொடுக்கவாவது நேரில் வா.