ஜெபத்தில் பேசி முடித்த வேலை

தூத்துக்குடி,
19 அக்டோபர் 1946.

மகா மரியாதைக்குரிய மைத்துனர் கிளாட்வின் அவர்கள் சமூகத்துக்கு ஞானையா எழுதிக்கொள்வது. நாசரேத்தில் தாங்களும், மெட்டில்டா அக்காவும், பதினேழு நாளாகத் தங்கள் வீட்டில் விருந்தாளியாக இருக்கும் என் மனைவி கிருபாபாயும் சுகமாயிருக்கும்படி கர்த்தர் கிருபை செய்வாராக. இங்கே நானும் என் வீட்டுச் சுவர்கள் நாலும் அவருடைய கிருபையால் நின்றுகொண்டிருக்கிறோம். கூரை இல்லை.

தங்கள் தங்கை ஏன் கோபித்துக்கொண்டு அங்கே வந்தாள் என்பதை அவள் வாயால் கேட்டிருப்பீர்கள். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனாலும் தாங்கள் மாடியில் ஓர் அறை கட்டப்போவதாகவும், அதற்கு ஆள் தேடுவதாகவும் காதில் விழுந்தபடியால், பட்டவன் என்ற முறையில் நானும் ஒருதரம் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் நான் முப்பத்தொரு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் என்பது தாங்கள் அறிந்ததே. ஒரு மூட்டை உப்பு கரையில் கிடக்கும்வரை வியாபாரி பொறுப்பு, தோணியில் இறங்கினால் தோணிக்காரர் பொறுப்பு, கப்பலின் கொக்கி அதைத் தூக்கிவிட்டால் கப்பல்காரன் பொறுப்பு. இந்த மூன்று இடத்திலும் கையெழுத்து வாங்காமல் நான் ஒரு மூட்டையைக்கூட அசையவிட்டதில்லை. ஒருமுறை நனைந்த மூட்டை ஒன்றுக்காக வெள்ளைக்காரக் கேப்டனையே இரண்டு மணி நேரம் வெயிலில் நிறுத்திவைத்தேன். அப்பேர்ப்பட்ட நான், என் சொந்த வீட்டை ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் பர்னபாஸ் கண்ட்ராக்டர் கையில் கொடுத்தேன் மச்சான்.

பர்னபாஸ் நம்ம சபைக்காரன். கோயிலில் எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருகிறவன். அடைமழைக்கு முன்னால் பழைய ஓட்டைப் பிரித்துப் புது ஓடு போட்டு, சுவருக்கும் பூசிவிடலாம் என்று ஆகஸ்டு கடைசியில் அவனை வரச்சொன்னேன். அவன் வருவதற்கு முன்னால் கிருபாபாய் அடுக்களையிலிருந்து வந்து, "இந்தா பாருங்க, ஓடு யாரு வாங்கணும், தண்ணி யாரு கொண்டாரணும், இடிச்சதை யாரு அள்ளணும், நடுவுல மழை வந்தா யாரு மூடணும், இதை முதல்ல பேசி எழுதிக்கிடுங்க. பொறவு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு அலையாதீங்க" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சும்மா கிட ஏளா. சபைக்காரன்கிட்டப் போயி கையெழுத்துக் கேட்டா அவன் என்ன நெனைப்பான்?" என்றேன். இந்த வாயை என்ன செய்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

பர்னபாஸ் வந்தான். காப்பி குடித்தான். சுவரைத் தட்டிப் பார்த்தான். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அப்போ, எது எது யார் பொறுப்பு..." என்று ஆரம்பித்ததும், "அண்ணாச்சி, எதையும் ஆண்டவர்கிட்டச் சொல்லிட்டுத் தொடங்குவோம்" என்று மண்டி போட்டுவிட்டான். நாங்களும் மண்டி போட்டோம். என்ன ஜெபம் மச்சான் அது! "பிதாவே, இந்த வேலைக்கு வரும் ஏழைகள் பசியோடே திரும்பிப் போகாதபடி உமது தாசன் ஞானையாவின் கரத்தைத் திறந்தருளும். நல்ல தண்ணீர் குறைவுபடாமல் அவர் கொடுத்துவரச் செய்யும். புது ஓடுகளை ஏற்ற காலத்திலே கொண்டுவந்து சேர்க்க அவருக்குப் பெலன் தாரும். மழையையும் காற்றையும் அவர் பொறுமையோடே சகிக்கக் கிருபை தாரும்." கால் மணி நேரம். எனக்காக இவ்வளவு உருக்கமாக ஜெபிக்க ஒரு மனுஷன் இருக்கிறானே என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. எல்லாரையும்விடச் சத்தமாக "ஆமென்" சொன்னவன் நான்தான். கிருபாபாய் மட்டும் சொல்லவில்லை. அவள் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள் என்று பிற்பாடு தெரிந்தது.

மறுநாள் காலையில பதினோரு பேரோட வந்து நிக்கான். பொழுது சாயுததுக்குள்ள ஓடு அத்தனையும் தரையில. பிரிக்கதுல அவனை மிஞ்ச ஆள் கிடையாது, அதைச் சொல்லித்தான் ஆகணும். மத்தியானம் பதினோரு பேரும் கையைக் கழுவிட்டு வரிசையா உக்காந்துட்டாங்க. என்னப்பான்னு கேட்டா, "ஜெபத்துல சொன்னேம்லா அண்ணாச்சி, நீங்களும் ஆமென்னு சொன்னியள்லா" என்கான். கிருபா போயி உலையை வச்சா. ஒரு நாள் இல்ல, ரெண்டு நாள் இல்ல, ஒரு மாசம் பதினோரு பேருக்குப் பொங்கிப் போட்டா. சுவரு பூசணும்னான், சரின்னேன். நம்ம ஊர்க் கிணத்துத் தண்ணி உப்புன்னு பிறந்த பிள்ளைக்கும் தெரியும், இவன் அதையே எடுத்துச் சுண்ணாம்புல விட்டுக் குழைச்சுப் பூசிட்டுப் போயிட்டான். எட்டாம் நாள் சுவரெல்லாம் வெள்ளை வெள்ளையாப் பூத்து, கையை வச்சாப் பொலபொலன்னு கொட்டுது. ஏம்பா இப்படிப் பண்ணினேன்னா, "நல்ல தண்ணி நீங்கதான அண்ணாச்சி கொண்டாரணும், நானும் எத்தனை நாள் பாத்துக்கிட்டு இருப்பேன்" என்கான். இடிச்ச மண்ணையும் உடைஞ்ச ஓட்டையும் அப்படியே தெருவுல தள்ளிட்டான். பக்கத்து வீட்டு இசபெல்லாம்மா, அந்த மகராசி, தினம் காலையில தன் வாசல்ல கெடக்கதை எல்லாம் கூடை கூடையா அள்ளி என் சுவருக்கு மேல வழியா உள்ள கொட்டுதா. இதையாவது அள்ளிட்டுப் போயேன்டான்னா, அதுக்கு அவன் சொல்லுதான் பாருங்க: "இடிக்கது என் வேலை அண்ணாச்சி. இடிஞ்சது உங்க சொத்து. உங்க சொத்துல நான் கை வைக்கலாமா?"

ஓட்டுக்கு நான் எங்க போவேன்? ஜெர்மன் சண்டை முடிஞ்சு ஒரு வருஷம் ஆகியும் எல்லாத்துக்கும் கவர்மெண்டு கண்ட்ரோல். சிமெண்டுக்குப் பெர்மிட், ஆணிக்குப் பெர்மிட். தாலுகா ஆபீஸ்ல கால் கடுக்க நின்னேன். "கட்டுறது யாரு, அவரை வரச்சொல்லும்" என்காங்க. பர்னபாஸைக் கேட்டா, "வீட்டுக்காரர் நீங்க இருக்கும்போது நான் முந்திரிக்கொட்டை மாதிரி முன்ன போயி நிக்கலாமா" என்கான். இப்படியே செப்டம்பர் போச்சு. கடைசியில ஒரு நாள் மத்தியானம், ஊர்ல வேற எங்கயும் மழை இல்ல, ஒரே ஒரு கருமேகம் நம்ம அடுக்களைக்கு நேர வந்து நின்னு கொட்டிச்சு. பதினோரு பேருக்கு வடிச்ச சோறு அண்டாவோட மிதக்கு. கிருபா கரண்டியைக் கீழ வச்சா. சீலையை மாத்தினா, பெட்டியை எடுத்தா. "கூரை ஏறின பொறவு ஆள் அனுப்புங்க, வாரேன். ஜெபம் பண்ணி அனுப்பாதீங்க" அப்படின்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டா. அடுத்த வாரமே பர்னபாஸும் மாயமாயிட்டான். சோறு நின்னதுல அவனுக்கும் மனசு விட்டுப்போச்சு போல. மேற்க எங்கயோ பெரிய வேலை கெடைச்சிருக்குன்னு சொல்லுதாங்க. என் ஏணியையும் கொண்டு போயிட்டான்.

ஆகையால் மச்சான், பட்டறிவில் சொல்லுகிறேன். யார் வந்தாலும் முதலில் காகிதத்தை எடுங்கள். தண்ணீர், சாப்பாடு, பெர்மிட், மண் அள்ளுவது, மழைக்குக் கீற்றுப் போட்டு மூடுவது, எல்லாவற்றுக்கும் எதிரில் பெயர் எழுதுங்கள். புது ஓடு வாசலில் வந்து இறங்காமல் பழைய ஓட்டில் ஒருவனும் கை வைக்கக்கூடாது. ஜெபம் வேண்டுமென்றால் வேலை முடிந்தபிறகு ஸ்தோத்திர ஜெபமாக வைத்துக்கொள்ளட்டும், நான் வேண்டாமென்று சொல்லவில்லை. பர்னபாஸ் என்ற பெயரில் ஒருவன் வந்தால் கதவைத் திறக்கவே திறக்காதீர்கள்.

கிருபாவிடம் எனக்காக ஒரு வார்த்தை பேசுங்கள். நான் செய்தது மடத்தனம் என்று ஒப்புக்கொண்டதாகச் சொல்லுங்கள். முப்பது வருஷத்தில் நான் இப்படி ஒப்புக்கொள்வது இதுதான் முதல் தடவை என்பது அவளுக்கே தெரியும். அவள் இல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் வடிக்கிற சோறு யாருக்கும் இறங்காது என்பது வேறு விஷயம். கூரை ஏறினால்தான் வருவேன் என்கிறாள், கூரையோ இந்த வருஷம் ஏறுகிற மாதிரி இல்லை. அதற்காகக் கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும் நான் தனியாகவா இருப்பேன்?

அக்காவுக்கு என் ஸ்தோத்திரம். கர்த்தர் தங்கள் வீட்டு ஓடுகளில் ஒன்றும் குறையாதபடி காப்பாராக.

இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
ச. ஞானையா

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது தபால்காரர் தங்கள் கார்டைக் கொண்டுவந்து கொடுத்தார். படித்தேன். என் வீட்டில் வேலை செய்த அனுபவம் உள்ளவர் என்றும், நானே அனுப்பி வந்தவர் என்றும் நம்பி, போன வாரமே பர்னபாஸ் கையில் தங்கள் வீட்டை ஒப்படைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். கிருபா தலைபாடாய் அடித்துக்கொண்டும் தாங்கள் கேட்கவில்லையாம். வந்த அன்றே அவன் கூரையைப் பிரித்துப்போட்டதில் வியாழக்கிழமை மழையில் கூடம் முழுக்கத் தண்ணீர் என்றும், அதனால் அவள் திங்கட்கிழமை பஸ்ஸில் இங்கே புறப்படுகிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நல்லது. இங்கன அரிசி வைக்கிற சின்ன அறைக்கு மட்டும் ஓடு மிச்சம் இருக்கு, அதைப் பிரிக்க அவன் மறந்துட்டான். அவளைத் தனியா அனுப்பாதீங்க மச்சான், நீங்களும் அக்காவும் கூட வந்துருங்க. நாலு பேர் நெருக்கிப் படுக்கலாம். ஆனா யாரு தண்ணி எடுக்கது, யாரு அடுப்பைப் பத்த வைக்கது, யாரு வாசல் பக்கம் படுக்கதுன்னு, பஸ் ஏறுததுக்கு முன்னாலயே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிருங்க.