பன்னிரண்டு மணிக்குள் வெந்நீர்

"பன்னெண்டு மணி வரைக்கும் டைம். குழாயில வெந்நீர் வந்தா அலாஸ்கா போறோம். வரலேன்னா வண்டிய விலைக்குக் கேட்ட நோர்மாவுக்கு வித்துடறோம். நீ குடுத்த வாக்குதான் ஹார்லன்," என்றாள் டோரீன்.

ஹார்லன் கேரவனுக்கு வெளியே, ஹீட்டரின் சின்னக் கதவுக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அலாஸ்கா, அலாஸ்கா என்று உயிரை விடும் மனிதர். நேற்றுவரை கொதிக்கக் கொதிக்க ஊற்றிய குழாய், இன்று பார்த்து ஐஸாக ஊற்றியது.

மொன்டானாவின் கேரவன் முகாம்களில் ஒருவர் ஸ்பேனரைத் தொட்டால் போதும், மடக்கு நாற்காலியும் காப்பியுமாக ஊரே கூடிவிடும். முதல் நாற்காலி பக்கத்து வண்டி லாய்டுடையது.

"காஸ் இருக்கா?"

"அடுப்பு எரியுதேய்யா!"

"அப்ப பர்னர்ல சிலந்தி. அதுக்குக் காஸ் வாசனைன்னா உசிரு."

சிலந்தி இருக்கத்தான் செய்தது, குடும்பத்தோடு. ஹார்லன் காஸை மூடிவிட்டு, தம் பிடித்து ஊதினார். மூன்று வருடக் கரி அவர் முகத்துக்கே திரும்பி வந்தது. காஸைத் திறந்து மறுபடி பொத்தானை அழுத்தினார். டிக், டிக், டிக்... 'பப்' என்று பற்றியதில் ஒரு பக்கப் புருவம் போயிற்று.

"எரியுது! நீலமா எரியுது!"

எல்லோரும் கைதட்டினார்கள். இருபது நிமிடம் கழித்து ஆவலோடு குழாயைத் திறந்தார். ஐஸ்!

லாய்ட் தாடையைச் சொறிந்தார். "கட்டிலுக்கடியில ஒரு வால்வு இருக்குமே, குளிர்காலத்துல தண்ணி ஹீட்டருக்குள்ள போகாம நேரா குழாய்க்குத் திருப்பிவிடறது. அதைப் பாத்தியா?"

கட்டிலுக்கடியில் தவழும் வேலை எப்போதும் டோரீனுடையது. ஹார்லனின் தொப்பை அங்கே நுழையாது.

"அதை ஏப்ரல்லயே திறந்துட்டேனே," என்றாள் டோரீன், காப்பியைக் கலக்கியபடி.

"அப்ப ஹீட்டர் டாங்க்ல தண்ணி இருக்கான்னு பாரு," என்றார் லாய்ட். "அந்த வெளி வால்வைத் தூக்கு!"

தூக்கினார். ஆவி பறக்கப் பீய்ச்சியடித்த தண்ணீர் அவர் பேன்ட்டை நனைத்தது. ஹார்லன் துள்ளிக் குதித்தார்.

"ஆ! சுடுது! டோரீன், வெந்நீர்! வெந்நீர் வந்துடுச்சு!"

"குழாயில வரணும். பேன்ட்ல வந்தா சேத்தி இல்ல."

வெளியே கொதிக்கிறது, உள்ளே உறைகிறது. ஹார்லனுக்கு அழுகையே வந்துவிட்டது. மணி பன்னிரண்டடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது நோர்மாவின் டிரக் வந்து நின்றது.

"இன்னும் பத்தே நிமிஷம், டோரீன்! கெஞ்சிக் கேக்கறேன்!"

டிரக்கிலிருந்து இறங்கிய நோர்மா, கரி பூசிய முகத்தையும் ஒற்றைப் புருவத்தையும் நனைந்த பேன்ட்டையும் பார்த்துப் பதறிப் போனாள்.

"ஐயோ பாவம், இவர்கிட்ட நீங்க சொல்லவே இல்லையா டோரீன்? ஹீட்டர் நல்லாத்தான் இருக்கு, கட்டிலுக்கடியில அந்த வால்வை மட்டும் திருப்பிவிட்டா போதும்னு நேத்து ராத்திரியே எனக்குப் போன்ல சொன்னீங்களே!"