மண்டோரின் இங்கிலீஷ் பெரட்டு

இங்கிலீஷுக்குப் பயப்படாத தமிழனே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மலேசியாவில், எங்கள் கோல சிலாங்கூரில் ஒருவர் இருக்கிறார். அவர் வாயைத் திறந்தால் இங்கிலீஷே எழுந்து நின்று கைகட்டிக்கொள்ளும். அவரோடு பழக ஆரம்பித்த பிறகுதான் எனக்கு ரத்த அழுத்த மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். டாக்டர் காரணம் கேட்டபோது நான் வேலைப்பளு என்று பொய் சொன்னேன்.

அவருடைய பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு அவர் மண்டோர். எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கியவர். தோட்டத்தில் பாதி தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளாகி, அவரும் அதில் ஒரு வீட்டுக்குக் குடிவந்து, வேலை போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. ஆனாலும் கடைத்தெருவில் நாலு பேர் கோணலாக நின்றால் மனுஷனுக்குக் கை துறுதுறுக்கும்.

இனி என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். நான் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சரக்கு அனுப்பும் பிரிவில், பாதி நேரம் லோரிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வேலை செய்கிறேன். இங்கிலீஷ் படிக்கத் தெரியும், எழுதத் தெரியும், பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று தவிக்கிற என்னைப் போன்றவர்களுக்காகக் கைப்பேசியில் ஒரு வாட்ஸ்அப் புலனக் குழு ஆரம்பித்தேன். தினமும் ஒரு தலைப்பு கொடுப்பேன். ஆளுக்கு ஒரு நிமிஷம் பேசிக் குரலைப் பதிவு செய்து போட வேண்டும். மற்றவர்கள் உச்சரிப்பைப் பற்றிக் கருத்துச் சொல்ல வேண்டும், அதுவும் அன்பாக. நல்ல குழுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. உலு யாமில் ஒரு கிளினிக்கில் பெயர் பதிகிற சுமதி, கொசு பாடுவதுபோலப் பேசுவாள். எங்கள் தொழிற்சாலை டெக்னீஷியன் ஷான், வீடியோ கேம் ஆடியே அமெரிக்காக்காரனாகிவிட்டவன். "செம இம்ப்ரூவ்மெண்ட் லா அக்கா" என்று அவனும், "உனக்கும்தான் தம்பி" என்று அவளும் பொய் சொல்லிக்கொண்டு சந்தோஷமாக இருந்தார்கள்.

அப்போதுதான் பலசரக்குக் கடை வாசலில் மண்டோர் என்னைப் பிடித்தார். ஆபீஸ் வேலை பார்க்கிற எல்லாரும் அவருக்குக் கிராணிதான்.

"கிராணி, அந்த இங்கிலீஷ் குழுவுல என்னையும் போடுங்க."

"உங்களுக்கு எதுக்குங்க ஐயா?"

"போடுங்கன்னா போடுங்க."

போட்டேன். அன்றைய தலைப்பு 'எனக்குப் பிடித்த உணவு'. மண்டோரின் பதிவு வந்தது. காதில் வைத்துக் கேட்டவர்களுக்கு அன்றைக்கு முழுக்கக் காது அடைத்துக்கொண்டதாம்.

"குட் மார்னிங்! வாட் இஸ் திஸ் நான்சென்ஸ்! ஐ ஈட் தோசை! எவ்ரி டே தோசை! எனி ப்ராப்ளம்? நெக்ஸ்ட்!"

கத்தலை விடுங்கள். அந்த உச்சரிப்பு இருக்கிறதே, சீமையில் பிறந்தவர்களுக்குக்கூட வராது. ஷான் அசந்துபோய் எழுதினான்: "அங்கிள், எங்க கத்துக்கிட்டீங்க?"

அந்தக் கதை எனக்கு அப்புறம் தெரிந்தது. அவர் வேலை செய்த தோட்டத்தின் பெரிய துரை நம் நிறம்தான், வாய் மட்டும் வெள்ளைக்காரன் வாய். மண்டோர் தன் வாழ்நாளில் காது கொடுத்துக் கேட்ட இங்கிலீஷ் எல்லாம் அந்த வாயிலிருந்து வந்ததுதான். அந்தத் துரையோ திட்டுவதற்கு மட்டும்தான் வாயைத் திறப்பார். ஆகவே மண்டோருக்கு இங்கிலீஷ் என்றால் திட்டு. வேறு வகை இங்கிலீஷ் இருப்பதே அவருக்குத் தெரியாது. பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னால் சீட்டைக் கிழித்து வீட்டுக்கு அனுப்புவதுபோல் இருக்கும்.

வந்து கொஞ்ச நாளிலேயே அவர் குழுவைப் பெரட்டாக மாற்றிவிட்டார். தோட்டத்தில் விடிவதற்கு முன்னால் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அந்தப் பெரட்டு. கோழி கூவுகிற நேரத்தில் ஒவ்வொருவர் பேராகக் கூப்பிட்டுக் குரல் அனுப்புவார். நாங்கள் தூக்கக் கலக்கத்தில் பதில் குரல் அனுப்ப வேண்டும். பிறகு தரம் பிரிப்பார். பனங்குலையைப் பார்க்கிற அதே மூன்று தரம்தான்: பழம், காய், அழுகல்.

"சுமதி, காய். வாயில காத்தே வரல. சாப்பிட்டுட்டு பேசும்மா."

"ஷானு, அழுகல். மூக்கால பேசுது பய. சளின்னா ஆஸ்பத்திரிக்குப் போ."

"கிராணி, தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா கேக்கிறவன் தூங்கிருவான். காய்."

குழுவை ஆரம்பித்தவன் நான். பட்டம் வாங்கியவன் நான். அழுகல் ஆகாமல் தப்பித்தோமே என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டவனும் நான்தான்.

பாதிப்பேர் குழுவை விட்டு ஓடிப்போனார்கள். மிஞ்சியவர்களுக்கு அவருடைய வியாதி தொற்றிக்கொண்டது. கொசு மாதிரிப் பேசின சுமதி, ஒருநாள் கிளினிக்கில் "சிட் டவுன்! நோ ஸ்டோரி! நெக்ஸ்ட்!" என்று முழங்கியிருக்கிறாள். காய்ச்சல்காரர்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்களாம். இருமல்கூட நின்றுவிட்டதாம். ஷான் அதைவிட மோசம். வெளிநாட்டிலிருந்து தொழிற்சாலையைப் பார்க்க வந்தவர்களிடம் போய், "வொய் ஆர் யூ லேட்? வேர் இஸ் யுவர் ஹெல்மெட்?" என்று கேட்டான். வந்தவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். என்னை மேலாளர் கூப்பிட்டு விசாரித்தார்.

இனித் தாங்காது, நேரில் போய்ச் சொல்லி ஆளை நீக்கிவிட வேண்டியதுதான் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி தவறிப்போய்த் தனியாக இருக்கிறார். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பதற்குள், "கிராணி, ஒண்ணு காட்டுறேன்" என்று கைப்பேசியை எடுத்தார்.

அவருடைய ஒரே மகன் நியூசிலாந்தில் இருக்கிறான். அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. குழந்தைக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். வீடியோவில் அந்தப் பிஞ்சு முகம் வந்தது. மண்டோருடைய முகம் அப்படியே மலர்ந்தது. பிறகு வாயைத் திறந்தார்.

"ஹூ இஸ் தேர்! கம் ஹியர்! ஸ்டாண்ட் ஸ்ட்ரெயிட்! வாட் டிட் யூ ஈட்!"

குழந்தை மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. அங்கிருந்து அழுகைச் சத்தம் மட்டும் வந்தது. மருமகள் சங்கடமாகச் சிரித்துவிட்டுத் துண்டித்தாள்.

"பாத்தீங்களா? சாப்பிட்டியா கண்ணுன்னுதான் கேட்டேன்" என்றார் மண்டோர்.

அதற்குள் மகனிடமிருந்து குரல் வந்தது. "அப்பா, கொஞ்ச நாளைக்கு கால் பண்ணாதீங்கப்பா. புள்ள ராத்திரி எந்திரிச்சு அழுவுது. ரெக்கார்டிங் அனுப்புங்க, நாங்க கேட்டுட்டு போட்டுக் காட்டுறோம். தீபாவளிக்கு வர்றத புள்ள உங்க குரலுக்குப் பழகினதுக்கு அப்புறம் பாப்போம்."

அதற்குத்தான் அவர் குழுவில் சேர்ந்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. "அன்பா பேசுற இங்கிலீஷ் ஒண்ணு இருக்குமாமே கிராணி. அத மட்டும் எனக்குக் கத்துக் குடுத்துருங்க. அப்புறம் குழுவ விட்டுப் போயிடுறேன்." நீக்க வந்த நான், தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, சரிங்க ஐயா என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

குழுவில் விஷயத்தைச் சொன்னேன். எல்லாரும் உருகிப்போய் வேலையில் இறங்கினார்கள். அது ஒரு பெரிய தோல்வி. சுமதி 'மை டார்லிங்' என்று தேனாகச் சொல்லி அனுப்பினாள். மண்டோர் அதைத் திருப்பிச் சொன்னபோது போலீஸ் அடையாள அணிவகுப்பில் திருடனைச் சுட்டிக்காட்டுவதுபோல் இருந்தது. ரகசியம் பேசுகிற மாதிரி மெல்லப் பேசச் சொன்னான் ஷான். செய்தார். பிள்ளை பிடிக்கிறவன் ஜன்னலுக்கு வெளியே நிற்கிற மாதிரி இருந்தது. சிரித்துக்கொண்டே பேசச் சொன்னேன் நான். பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு திட்டுவதாகவே எல்லாரும் நினைத்தார்கள். மருமகள் ஒன்றைக்கூடக் குழந்தையிடம் போட்டுக்காட்டவில்லை. மண்டோரின் பெரட்டில் சுரத்துக் குறைந்தது. ஒருநாள் எல்லாருக்கும் 'பழம்' என்று போட்டுவிட்டார். நாங்கள் கலங்கிப்போனோம்.

மறுநாள் விடியற்காலை ஒரு நீளமான பதிவு வந்தது. முதலில் வழக்கமான பெரட்டு. பிறகு பதிவை நிறுத்த மறந்து, கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டிருக்கிறார். செருப்புச் சத்தம், கதவுச் சத்தம். அதன் பிறகு ஒரு குரல். வெண்ணெயைக் கையில் வைத்தால் உருகுமே, அப்படி ஒரு குரல்.

"என்னடி தங்கம், கோவமா? கொசு கடிச்சிருச்சா? எங்க, காத காட்டு. அய்யய்யோ, செவந்து போச்சே. வாடி என் ராசாத்தி, சாஞ்சுக்க."

குழு அதிர்ந்தது. "மண்டோர் அங்கிள் வீட்டுல யாரு லா?" என்று சுமதி எனக்குத் தனியாக எழுதினாள். நானும் என்னென்னவோ நினைத்துவிட்டேன். அப்போது பதிவில் 'ம்மா' என்று ஒரு சத்தம் கேட்டது. வீட்டுக்குப் பின்னால், தாமானை ஒட்டின காலி நிலத்தில் அவர் கட்டிவைத்திருந்த பசு. பேர் லெட்சுமி.

அவரைக் கேட்காமலே அந்தப் பதிவை வெட்டி, மகனுடைய எண்ணைத் தேடிப் பிடித்து அனுப்பினேன். குழந்தைக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டதாம். தினமும் தூங்கப் போகும்போது லெட்சுமியும் அந்தக் குரலும் வேண்டுமாம். குழுவே துள்ளிக் குதித்தது. மண்டோர் மட்டும் குதிக்கவில்லை. "தாத்தாவ யாரு கேட்டா கிராணி? மாட்டதானே கேக்குது" என்றார். ஆனாலும் தினமும் அனுப்பினார்.

இப்படிக் கொஞ்சம் வெளிச்சம் வந்தால் அதை அணைக்க யாராவது வராமல் இருப்பார்களா? காலி நிலத்தில் வீடு கட்ட வேலி போட்டுவிட்டார்கள். மாட்டை அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டார்கள். கட்ட வேறு இடம் இல்லை. லெட்சுமியைத் தஞ்சோங் காராங் பக்கம் நிலம் வைத்திருக்கிற ஒருவர் லோரியில் ஏற்றிக்கொண்டு போனார். அதோடு மண்டோரின் குரலும் போயிற்று. வெறும் சுவரைப் பார்த்துக் கொஞ்ச முயன்றிருக்கிறார். சுவருக்கும் திட்டுதான் கிடைத்தது. நியூசிலாந்திலிருந்து தினமும் கேள்வி: லெட்சுமி எங்கே, லெட்சுமி ஏன் பேசவில்லை?

ஒருநாள் வேலை முடிந்து ரவாங்கிலிருந்து நெரிசலில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தேன். அழைத்தார்.

"கிராணி, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. முன்னால உசுரா ஏதாச்சும் நின்னாத்தான் எனக்குப் பேச்சு வருது."

போனேன். காரை நிறுத்துகிற இடத்தில் என்னை நிற்க வைத்தார். கைப்பேசியில் பதிவை அழுத்தினார். ஏற இறங்கப் பார்த்தார். "தலையக் கொஞ்சம் குனிங்க" என்றார். குனிந்தேன். "சத்தம் குடுங்க" என்றார். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரியான நான், 'ம்மா' என்று கத்தினேன். அந்த அம்மா துணியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

மண்டோர் என் பிடரியில் கையை வைத்தார். காய்ப்பு ஏறின கை. மெல்லத் தடவினார். அந்தக் குரல் வந்துவிட்டது.

"என்னடா செல்லம், நாளெல்லாம் நின்னுக்கிட்டே இருந்தியா? கால் வலிக்குதா?"

நான் என்னை மறந்துவிட்டேன். "ஆமா, ரொம்ப வலிக்குது" என்று சொல்லிவிட்டேன்.

பதிவு கெட்டுப்போயிற்று. திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் தடவிக்கொடுத்துவிட்டு, அந்தப் பதிவை அப்படியே அனுப்பிவிட்டார்.

மறுநாள் நியூசிலாந்திலிருந்து குழந்தையின் குரல் வந்தது. மாடு பேசியதை மகன் மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறான். மாடு ஆம்பிளைக் குரலில் பேசுவதில் அதற்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. "தாத்தா, இஸ் லெட்சுமீஸ் லெக் ஓகே?" என்று கேட்டது. முதல் தடவையாகத் தாத்தா என்று கூப்பிட்டிருக்கிறது. மண்டோர் அதைத் தரம் பிரிக்கவில்லை. காதில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றுவிட்டார்.

டிக்கெட் இன்னும் போடவில்லை. தீபாவளிக்கு வருவார்களா, வந்தால் குழந்தையிடம் எந்த மாட்டைக் காட்டுவது என்றெல்லாம் நினைத்தால் எனக்கு மறுபடியும் மாத்திரை தேவைப்படுகிறது. அதுவரைக்கும் வேலை முடிந்து அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறேன். அவரும் பிடரியைத் தடவிக் கால் வலியை விசாரிக்கிறார். வலி போய் ரொம்ப நாளாகிவிட்டது. அதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.