ஐந்தாவது முகவரி

“தெலுங்குல எரிஞ்ச டிரான்ஸ்பார்மரைத் தமிழ்ல மாத்தித் தர முடியாதும்மா” என்றார் பிரதாப், கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். மின்குறை தீர்ப்பகத்தின் சூளகிரிப் பிரிவுக்கு அவர்தான் மொழி ஒருங்கிணைப்பு அலுவலர்.

ஊர் டிரான்ஸ்பார்மர் எரிந்து மோட்டார் நின்றதில், எதிரே நின்ற வெங்கடம்மாளின் தக்காளி தண்ணீரில்லாமல் பூவை உதிர்த்துக்கொண்டிருந்தது. வீட்டில் பேசுவது தெலுங்கு என்பதால் மகன் சுரேந்தர் தெலுங்குத் தளத்தில் புகார் போட்டிருந்தான். மக்களின் தாய்மொழியைக் கௌரவிக்கும் பொருட்டுத் தீர்ப்பகம் மொழிக்கொரு வலைத்தளத்தை, தனித்தனி முகவரியில் நிறுவியிருந்தது. முகவரி வேறென்றால் அலுவலகமும் வேறு என்பது விதி. தெலுங்கு அலுவலகத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை.

“அப்போ தமிழ்லயும் ஒண்ணு போட்டுடறேன் சார்.”

“போடுங்க. ஆனா அது வேற டிரான்ஸ்பார்மர் ஆயிடும்.”

ஆனது. பக்கத்து நிலத்துக் கங்கப்பன் கன்னடத்தில் போட்டிருந்தார்; கம்பெனிக்குப் போகும் வினோதா ஆங்கிலத்தில். ஆக, கணக்குப்படி அந்த ஊரில் எரிந்தவை நான்கு. பார்வையிட வந்த குழு ஒன்றைத்தான் கண்டது. மற்ற மூன்றையும் திருடியது யார் என்று வீடுவீடாக விசாரித்தார்கள். களவு துலங்கும்வரை யாரும் தொடக்கூடாது என்று, இருந்த ஒன்றைச் சுற்றி நாடா கட்டிவிட்டுப் போனார்கள்.

வெங்கடம்மாள் மறுபடி போய் நின்றாள். பிரதாப்புக்கே மனம் இளகிவிட்டது. இதற்கு நிரந்தரத் தீர்வாக, நான்கு தளங்களையும் இணைக்கும் ஐந்தாவது தளம் ஒன்று ஐந்தாவது முகவரியில் வரப்போகிறது, திறப்பு விழாவே உங்கள் ஊரில்தான் என்றார்.

அவள் மோட்டார் கொட்டகையை ஒட்டிப் பந்தல் போட்டார்கள். ஓசூரிலிருந்து ஜெனரேட்டர் வந்தது. விசிறிகள் சுழன்றன. பெரிய அதிகாரி பொத்தானை அழுத்த, திரையில் நான்கு மொழிகளும் வரிசையாக மலர்ந்தன. குறை ஏதும் உண்டா என்று பெருந்தன்மையோடு கேட்டார்.

கங்கப்பன் எழுந்தார். கேட்டுவிடுவார் என்று வெங்கடம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“எல்லாம் சரிங்க சார். கன்னடத்தை எதுக்குக் கடைசியில வெச்சிருக்கீங்க?”

தெலுங்கு மட்டும் என்ன இளப்பமா என்று பின்வரிசை எழுந்தது. தமிழ் மண்ணில் இங்கிலீஷுக்கு முதலிடமா என்றது முன்வரிசை. சுரேந்தர் நாற்காலிமேலேயே ஏறிவிட்டான். அதிகாரி மனம் நிறைந்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

வெங்கடம்மாள் பந்தலுக்குப் பின்னால் போனாள். ஜெனரேட்டரிலிருந்து விசிறிகளின் வயரைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் தன் மோட்டார் வயரைச் செருகினாள்.