பேசாமல் அவித்த கிழங்கு

முருகன் துணை

இரத்தோட்டை,
மாசி மாதம், 1974

மாத்தளை டவுனில் இருக்கும் அன்புமிக்க சம்பந்தி மாடசாமி அவர்களின் சமூகத்துக்கு நல்லையா வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே எங்கள் மருமகளும் உங்கள் மகளுமான சந்திரகாந்தாவும் அவள் வயிற்றுப் பிள்ளையும் நல்ல சுகம். இது வழக்கத்துக்கு எழுதும் சுகமல்ல, டாக்டர் ஐயா குழல் வைத்துக் கேட்டுச் சொன்ன சுகம்.

நாங்கள் உங்கள் பெண்ணுக்கு விஷக்கிழங்கு கொடுத்துவிட்டதாகச் செய்தி உங்கள் காதுக்கு வந்திருக்கிறது. "நான் எல்லாத்தையும் சொன்னேங்க. ஒங்க சம்பந்தி வாயே தொறக்கல. துண்டால வாயப் பொத்திக்கிட்டு, கண்ணுல தண்ணியோட, போ போன்னு கைய ஒதறுனாருங்க" என்று பஸ் கண்டக்டர் இராமசாமி வந்து சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை; இறங்குவதற்குச் சோறும் இல்லை என்பது வேறு விஷயம். கோபத்தில் நீங்கள் ஆள் கூட்டிவந்து பெண்ணை அழைத்துப் போகுமுன் நடந்ததைக் கேளுங்கள்.

கூப்பன் அரிசி தீர்ந்து, பாண் ரொட்டிக்குக் கடை வரிசையில் நின்றும் வெறுங்கையோடு திரும்பிய அன்று, ஆற்றோரத்தில் பாம்புத் தோல் போல் புள்ளி விழுந்த தண்டும் ஒரே குடையாக விரிந்த இலையுமாக ஒரு செடியைக் கண்டேன், கிண்டினால் அடியில் பானை அளவுக்குக் கிழங்கு. தேயிலைத் தோட்டத்து மருந்துச்சாலையில் ஆயுள் முழுக்கப் போத்தல் கழுவி, மோந்து பார்த்தே மருந்தைச் சொல்கிறவன் நான். மோந்தேன், தின்னலாம் என்று தீர்ப்புச் சொன்னேன். என் மனைவி கமலாட்சி நம்பவில்லை. "கிடாரங்கெழங்கா இருந்தா தின்னலாம். வெசக் கெழங்கும் இதே மாதிரிதாங்க இருக்கும். கிடாரன்னா, வெட்டுறதுலேருந்து தின்னு முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. பேசினா நாக்கு அரிக்கும்" என்றாள். ஆகவே இருவரும் வாயைக் கட்டிக்கொண்டு வெட்டி, கொறக்காய்ப் புளியை அள்ளிப் போட்டு அவித்தோம். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவ்வளவு நிம்மதியாக ஒரு சமையல் நடந்ததில்லை.

டவுனில் வளர்ந்த உங்கள் மகளுக்கு இந்தச் சட்டம் தெரியாது, எங்களுக்கோ சொல்ல வழியில்லை. தூங்கி எழுந்து வந்தவள் எங்களோடு உட்கார்ந்து, பசியில் ஒரு தட்டை முடித்த பிறகு, "மாமா, இது என்னா கறிங்க?" என்று கேட்டாள். நான் கூரையைப் பார்த்தேன். "அத்தை, நீங்களாச்சும் சொல்லுங்களேன்" என்றாள். கமலாட்சி, அடுப்புப் புகையில் கண் கலங்க, உதட்டில் விரலை வைத்தாள். அவ்வளவுதான், விஷத்தில் எங்கள் நாக்கு இழுத்துக்கொண்டது, அடுத்தது தானும் பிள்ளையும்தான் என்று அவள் போட்ட கூச்சலில் லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கூடிவிட்டன. நாலு பேர் என்னைப் பிடித்து உலுக்கினார்கள். என் தட்டில் இன்னும் ஒரு துண்டு கிடந்ததால் நான் பேசவில்லை. தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில் மூவரையும் ஏற்றி மருந்துச்சாலைக்குக் கொண்டுபோனார்கள். வழியில்தான் அவள் முகத்தைப் பார்த்தேன். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். சம்பந்தி, என் மூக்கு பொய் சொல்லியிருந்தால் என்ன செய்வேன் என்று எனக்கு உயிரே போய்விட்டது.

"என்னத்தத் தின்னீங்க?" என்று டாக்டர் ஐயா அதட்டினார். பொறுக்க முடியாமல், "கெழங்குங்க ஐயா, அரிக்காதுங்க" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, நாக்கிலிருந்து தொண்டை வரை அரிக்கத் தொடங்கியது. எனக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. "அரிக்குதுங்க ஐயா! அப்ப கிடாரன்தாங்க, வெசம் இல்லீங்க!" என்று குதித்தேன். அவர் என்னை விட்டுவிட்டு, குழலை வைத்து நெடுநேரம் கேட்டு, "புள்ள நல்லா ஒதைக்குது" என்றார். உங்கள் மகள் அழுதபடியே சிரித்து, "மாமா, மிச்சம் இருக்குங்களா?" என்றாள். நானும் கமலாட்சியும் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதோம்.

ஆகையால் கோபத்தை விடுங்கள். வளைகாப்புக்கு வந்து மகளைக் கண்ணால் பாருங்கள்; ஏசுவதானால் அப்போது ஏசுங்கள், தலை குனிந்து கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கமும் சின்னதுகளுக்கு ஆசியும்.

இப்படிக்கு,
நல்லையா

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போதுதான் கமலாட்சி ஞாபகப்படுத்தினாள். அன்று கிழங்கை வெட்டிய கையோடு, சம்பந்தி வீட்டிலும் பஞ்சம்தானே என்று பாதியை இராமசாமியிடம் உங்களுக்குக் கொடுத்தனுப்பினேன்; அவன் செய்தியோடு உங்களிடம் வந்தது மறுநாள்தான். பேசக் கூடாது என்பதால் ஒன்றும் சொல்லியனுப்பவில்லை. உங்கள் வீட்டில் பேசாமல் ஒரு சமையல் நடக்கிற காரியமா? சம்பந்தி, நீங்கள் இராமசாமியிடம் வாய் திறக்காமல் துண்டால் பொத்திக்கொண்டது கோபத்தினால்தானே? கோபமாகவே இருக்கட்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டிருக்கிறேன்.